எல்லைக்கோடு – 14: இருபத்தைந்து கெஜம்

சென்ற வாரம் ஹெய்ட்டிக்காரர்களின் படகுகளைக் கடலிலேயே விட்டுவிட்டு வந்தோம். அகதியைத் திருப்பி அனுப்பாதே என்ற சட்டம், நடுக்கடலில் அமெரிக்கக் கடலோரக் காவல்படையைக் கட்டுப்படுத்தாது என்று 1993 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தனித்து நின்ற நீதிபதி பிளாக்மனின் கோபத்தையும் பார்த்தோம். அந்தத் தீர்ப்பைப் படித்தவர்கள் இயல்பாக ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள்: கடலில் இருப்பவனுக்குத்தான் சட்டம் இல்லை, எப்படியாவது மண்ணில் கால் வைத்துவிட்டால் போதும்.

போதாது. கால் வைத்த பிறகு எவ்வளவு தூரம் நடந்தாய் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. அந்தக் கேள்வி ஓர் ஈழத்தமிழரின் வழக்கில்தான் வாஷிங்டன் வரை போனது. இலங்கையில் விவசாயம் பார்த்தவர். வழக்கு அவர் பெயரிலேயே அமெரிக்கச் சட்டப் புத்தகங்களில் ஏறிவிட்டது என்றாலும், உயிருக்குப் பயந்து ஓடிவந்தவரின் பெயரை நானும் ஒரு முறை அச்சில் ஏற்ற வேண்டாம் என்று நினைக்கிறேன். விவசாயி என்றே வைத்துக்கொள்வோம்.

2017-ன் தொடக்கம். ஓர் இரவு 11 மணி வாக்கில் கலிபோர்னியாவின் தெற்குக் கோடியில் அவர் எல்லையைத் தாண்டினார். சான் இசிட்ரோ சாவடி அங்கிருந்து கிழக்கே நாலு மைல். மறுபுறம் மெக்சிகோவின் திஹுவானா நகரம். கையில் பாஸ்போர்ட்டோ விசாவோ கிடையாது. தாண்டியதும் எல்லைக் காவலர் ஒருவர் பிடித்துவிட்டார். பிடித்த இடம் கோட்டிலிருந்து 25 கெஜத்துக்குள். ஒரு கிரிக்கெட் பிட்ச் 22 கெஜம். அதைவிட மூன்று கெஜம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் அவர் அமெரிக்காவில் சுதந்திரமாக நடந்த தூரம்.

பிடிபட்டவர் ஊருக்குத் திரும்பப் பயமாக இருக்கிறது என்றார். புகலிட அதிகாரி ஒருவர் அவரை மொழிபெயர்ப்பாளர் மூலம் விசாரித்தார். ஒரு கும்பல் தன்னைத் தூக்கிக்கொண்டு போய் மோசமாக அடித்ததாக விவசாயி சொன்னார். அடித்தவர்கள் யார்? தெரியாது. எதற்காக அடித்தார்கள்? தெரியாது. இனத்துக்காகவோ அரசியல் கருத்துக்காகவோ தொல்லை வரும் என்று பயப்படுகிறீர்களா? இல்லை என்ற பதில் பதிவாகியிருக்கிறது.

அதிகாரி அவர் சொன்னதைப் பொய் என்று சொல்லவில்லை. நம்பினார். நம்பியும், சட்டம் கேட்கிற காரணம் இதில் இல்லை என்று எழுதினார். ஐந்து காரணங்களில் ஒன்று வேண்டும்: இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல். யாரோ, எதற்கோ அடித்தார்கள் என்றால் அது குற்றச் செயல், துன்புறுத்தல் ஆகாது.

இலங்கையில் வேனில் ஆள் தூக்குவது என்றால் என்ன என்று தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தூக்க வந்தவன் அடையாள அட்டையைக் காட்டிவிட்டா தூக்குவான்? யாரென்று தெரியாமல் இருப்பதுதான் அந்த முறையின் உயிர்நாடி. இந்த நாட்டு நிலவரத்தை அதிகாரி கணக்கில் எடுக்கவே இல்லை, மொழிபெயர்ப்பிலும் கோளாறு இருந்தது, கேட்க வேண்டியதைக் கேட்டு வாங்கவில்லை என்பவையெல்லாம் பிறகு விவசாயியின் வழக்கறிஞர்கள் வைத்த வாதங்கள். தமிழர் என்பதாலும் அரசியல் நிலைப்பாட்டாலும் ஆபத்து என்ற வாதமும் அப்போதுதான் மனுவில் வந்தது. ஆனால் கோப்பு அதற்குள் மூடப்பட்டிருந்தது. மேலதிகாரி ஒப்பம் வைத்தாயிற்று. குடிவரவு நீதிபதியும் சரி என்றாயிற்று. அதற்கு மேல் முறையீடு கிடையாது.

ஏன் கிடையாது? இதற்கு 1996-க்குப் போக வேண்டும்.

ஹெய்ட்டித் தீர்ப்பு வருவதற்குப் பதினைந்து நாள் முன்பு, 1993 ஜூன் 6 அன்று, 'கோல்டன் வெஞ்சர்' என்ற சரக்குக் கப்பல் நியூயார்க்கின் குவீன்ஸ் கடற்கரையில் தரைதட்டியது. உள்ளே 286 சீனர்கள். நீந்திக் கரையேறப் பார்த்தவர்களில் 10 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் உலக வர்த்தக மையத்தில் குண்டு வெடித்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த அமெரிக்கப் பொதுக்கருத்து, 'வந்து இறங்கி அசைலம் கேட்டால் உள்ளே விட்டுவிடுகிறார்கள்' என்று கொதித்தது. அந்தக் கொதிப்பில் வெந்து இறங்கியதுதான் 1996 செப்டம்பர் 30 அன்று கிளின்டன் கையெழுத்திட்ட குடிவரவுச் சட்டம்.

அது கொண்டுவந்த ஏற்பாட்டுக்குத் துரித வெளியேற்றம் என்று பெயர். ஆவணம் இல்லாமலோ போலி ஆவணத்தோடோ வந்தவரை, வழக்கமான நீதிமன்ற விசாரணை எதுவுமின்றி, ஓர் அதிகாரியே ஆணை எழுதி அனுப்பிவிடலாம். பயமாக இருக்கிறது என்று சொன்னால் மட்டும் ஒரு நேர்காணல். அதில் தேறினால் முறையான புகலிட வழக்கு தொடங்கும். தேறாவிட்டால் ஏழு நாளுக்குள் குடிவரவு நீதிபதி ஒரு தடவை பார்ப்பார். அவரும் இல்லை என்றால் விமானம். 2004-ல் இதைச் சாவடிகளுக்கு வெளியிலும் நீட்டினார்கள்: எல்லையிலிருந்து 100 மைலுக்குள், வந்து 14 நாளுக்குள் பிடிபட்டவர்களுக்கும் பொருந்தும். நம் விவசாயி அந்த வளையத்தின் உள்விளிம்பிலேயே நின்றார்.

ஆட்கொணர்வு மனு என்ற பழைய ஆயுதம் ஒன்று இருக்கிறதே? தமிழ்நாட்டில் குண்டர் சட்டக் கைதிகளின் குடும்பத்துக்கெல்லாம் மனப்பாடமான வழி அது. அமெரிக்காவிலும் உண்டு. கலகமோ படையெடுப்போ நேர்ந்தாலன்றி அதை நிறுத்திவைக்கக்கூடாது என்று அவர்கள் அரசியல் சட்டமே சொல்கிறது. (படையெடுப்பு என்ற அந்தச் சொல்லை நினைவில் வையுங்கள், 2025-ல் அது திரும்பி வரும்.) 1996 சட்டம் அந்த மனுவை ஒழிக்கவில்லை. சாமர்த்தியமாகச் சுருக்கியது. துரித வெளியேற்ற ஆணையை எதிர்த்து மனு போட்டால் நீதிபதி மூன்று விஷயங்களைத்தான் பார்க்கலாம்: இவர் வெளிநாட்டவர்தானா, இவர் மேல் அப்படியொரு ஆணை இருக்கிறதா, ஏற்கெனவே நிரந்தர வசிப்புரிமையோ அகதி அந்தஸ்தோ பெற்றவரா. அதிகாரி நேர்காணலைச் சரியாக நடத்தினாரா, சட்டத்தைச் சரியாகப் புரிந்துகொண்டாரா என்று பார்க்கவே கூடாது.

விவசாயி வெளிநாட்டவர். ஆணை இருக்கிறது. அந்தஸ்து எதுவும் இல்லை. மூன்றுக்கும் பதில் சொல்ல ஒரு நிமிடம் போதும். கலிபோர்னியாவின் கீழ் நீதிமன்றம் அப்படித்தான் மனுவைத் தள்ளியது.

மேல்முறையீட்டில் காற்று திசை மாறியது. 2019 மார்ச் 7 அன்று ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்தச் சுருக்கல் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. தீர்ப்பை எழுதியவர் வாலஸ் தஷிமா. அவரைப் பற்றி ஒரு வரி சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் என்பதற்காகவே அமெரிக்க அரசு ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களை முகாம்களில் அடைத்தது அல்லவா? அரிசோனாவின் போஸ்டன் முகாமில் அப்படி அடைபட்டிருந்த சிறுவன் இவர். தீர்ப்பில் அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. சிறைப்பிடித்த அரசு ஒரு நீதிபதியின் முன் பதில் சொல்ல வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் ஒரே பிடிவாதம்.

அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2020 மார்ச் 2 அன்று வாதம். விவசாயிக்காக நின்றவர் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கத்தின் லீ கெலெர்ன்ட். இந்தத் தொடரின் இனி வரும் அத்தியாயங்களில் அடிக்கடி எதிர்ப்படப் போகிறவர். ஜூன் 25 அன்று தீர்ப்பு வந்தது. ஏழுக்கு இரண்டு. விவசாயி தோற்றார்.

இந்தத் தீர்ப்பைப் புரிந்துகொள்ள இன்னொரு மனிதரைச் சந்திக்க வேண்டும். 1950-க்குப் போகலாம்.

மெசய் என்பவர் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் 25 ஆண்டு வாழ்ந்த தச்சர். குடியுரிமை வாங்கவில்லை. 1948-ல் ருமேனியாவில் தாய் சாகக் கிடக்கிறாள் என்று கிளம்பினார். ருமேனியா உள்ளே விடவில்லை. ஹங்கேரியில் 19 மாதம் மாட்டிக்கொண்டார். கடைசியில் புடாபெஸ்டின் அமெரிக்கத் தூதரகத்திலேயே விசா வாங்கிக்கொண்டு 1950 பிப்ரவரியில் நியூயார்க் வந்து சேர்ந்தார். எல்லிஸ் தீவில் நிறுத்திவிட்டார்கள். பாதுகாப்புக் காரணம், என்ன காரணம் என்று சொல்ல மாட்டோம், சொன்னால் ரகசியம் போய்விடும். திருப்பி அனுப்பிப் பார்த்தார்கள். பிரான்சும் பிரிட்டனும் ஏற்கவில்லை. ஹங்கேரியும் கையை விரித்தது. லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கு எழுதிப் போட்ட விண்ணப்பங்களும் பலிக்கவில்லை. எல்லிஸ் தீவு அமெரிக்க மண்தான். சுதந்திர தேவி சிலை கண்ணுக்கு எதிரே. ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் இன்னும் வந்து சேரவில்லை. 1953 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்று அதை உறுதி செய்தது. தீவில் படுத்திருப்பவர் வாசலுக்கு வெளியே நிற்பவருக்குச் சமம். அவருக்கு நாடாளுமன்றம் கொடுப்பதுதான் முறை, அதற்கு மேல் கேட்க உரிமை இல்லை.

அரசு அன்று ஒரு வாதம் வைத்தது: நாங்கள் இவரைச் சிறையில் வைக்கவில்லை, எங்கு வேண்டுமானாலும் போகலாம், அமெரிக்காவுக்குள் மட்டும் வரக்கூடாது. நியூரம்பெர்க் விசாரணையில் அமெரிக்கத் தரப்பின் தலைமை வழக்கறிஞராக இருந்த ஜாக்சன், மாறுபட்ட தீர்ப்பில் அதற்குப் பதில் எழுதினார். மேற்கைத் தவிர எந்தத் திக்கிலும் இவர் போகலாமாம்; தண்ணீரிலும் தரையிலும் வாழ்கிற பிராணியாகப் பிறந்திருந்தால் அதைச் சுதந்திரம் என்று ஒப்புக்கொள்ளலாம்.

இப்போது 2020-க்கு வருவோம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி அலிட்டோ. ஆட்கொணர்வு மனு என்பது அரசியல் சட்டம் எழுதப்பட்ட காலத்தில் எதற்காக இருந்தது என்று அவர் தொடங்குகிறார். விடுதலைக்காக. இவர் கேட்பது விடுதலை இல்லை. புகலிடம் கேட்க இன்னொரு வாய்ப்பு. விடுதலைதான் வேண்டுமென்றால் அரசு சந்தோஷமாகத் தருமே, இலங்கை போகும் விமானத்துக்குள் வைத்து! ஏறக்குறைய இதே கிண்டலோடு அந்த இடத்தை எழுதியிருக்கிறார் அலிட்டோ.

இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு உறைத்தது இதுதான். வெளிவாசல் திறந்தே இருக்கிறது, போய்க்கொள் என்ற அதே வாதம். 1953-ல் அதைக் கேலி செய்தவர் தோற்ற பக்கத்து நீதிபதி. 67 ஆண்டு கழித்து அதே வாதத்தைச் சிரித்தபடி சொல்கிறவர் வென்ற பக்கத்து நீதிபதி.

பழைய இங்கிலாந்து வழக்குகள், கப்பலை விட்டு ஓடிய அந்நிய மாலுமிகளை அமெரிக்க நீதிமன்றங்கள் விடுவித்த வழக்குகள் என்று இரு தரப்பும் பழம்பெட்டியைத் திறந்து பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். அதற்குள் நாம் போக வேண்டாம். நமக்கு வேண்டியது 25 கெஜம்.

அமெரிக்க மண்ணில் நிற்கிற எவருக்கும் உரிய சட்ட நடைமுறை உண்டு என்பது அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தம். விவசாயி நின்றது அமெரிக்க மண். மறுக்க முடியாது. அலிட்டோ மறுக்கவும் இல்லை. அவர் கேட்டது வேறு: விமான நிலையத்தில் வந்து இறங்கிப் பிடிபட்டவரும் அமெரிக்க மண்ணில்தான் நிற்கிறார், மெசய் நின்ற தீவும் அமெரிக்க மண்தான். அவர்களை வாசலில் நிற்பவர்களாகவே சட்டம் பார்க்கிறது. நேர்வழியில் சாவடிக்கு வந்தவனுக்கு இல்லாத உரிமை, இருட்டில் வேலி தாண்டி 25 கெஜம் ஓடியவனுக்கு உண்டு என்றால் எல்லோரும் வேலியைத்தானே தாண்டுவார்கள்? ஆகவே இவரும் இன்னும் உள்ளே வரவில்லை.

இந்த வாதத்தில் ஒரு தர்க்கம் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முறையாக வந்தவனைவிட முறைதவறி வந்தவனுக்கு அதிகம் கிடைப்பது எந்த ஊரிலும் எடுபடாது. ஆனால் சரிசெய்ய இரண்டு வழி இருந்தது. சாவடியில் நிற்பவனுக்கும் நீதிபதியைப் பார்க்கும் உரிமையைக் கொடுத்திருக்கலாம். நீதிமன்றம் இன்னொன்றைத் தேர்ந்தெடுத்தது.

அமைப்பு ஒன்றும் அவ்வளவு கொடூரமானதல்ல என்று காட்ட அலிட்டோ ஒரு கணக்கும் தருகிறார்: முந்தைய ஐந்து ஆண்டுகளில் இந்த நேர்காணலுக்கு வந்தவர்களில் சுமார் 77 சதவீதம் பேர் தேறியிருக்கிறார்கள். சரி. இத்தனை பேர் தேறுகிற பரீட்சையில் தவறாகத் தோற்கடிக்கப்பட்ட ஒருவரின் தாளை நீதிபதி ஒருவர் திருப்பிப் பார்த்தால் என்ன குடி மூழ்கிவிடும் என்றும் அதே கணக்கை வைத்துக் கேட்கலாம்.

நீதிபதிகள் பிரையர், கின்ஸ்பர்க் இருவரும் முடிவை ஏற்றார்கள். ஆனால் பயத்தோடு ஏற்றார்கள். இந்த மனிதர் இங்கே வாழ்ந்ததே இல்லை, 25 கெஜத்தில் பிடிபட்டவர், இவர் வரைக்கும் சரி. இதை வைத்துக்கொண்டு வேறு யாரையும் தொடாதீர்கள் என்ற தொனியில் பிரையர் தனியாக எழுதினார். சோட்டோமேயர், கேகனோடு சேர்ந்து முழுமையாக மறுத்தார். எல்லைக்குள் வந்துவிட்டவனை வராதவன் என்று கற்பனை செய்ய அரசியல் சட்டம் இடம் தரவில்லை என்பது அவர் கட்சி. இன்று 25 கெஜம், நாளை எவ்வளவு என்ற கவலை அந்த மறுப்புரை முழுக்க ஓடுகிறது.

தீர்ப்பு வந்த நாளில் எல்லையில் என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? கொரோனாவைக் காரணம் காட்டி, மார்ச் 20 முதலே அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 42-ஆம் தலைப்பில் உள்ள பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் எல்லை தாண்டியவர்களை நேர்காணலே இல்லாமல் மெக்சிகோவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நேர்காணல் ஒழுங்காக நடந்ததா என்று நீதிபதி பார்க்கலாமா கூடாதா என்று ஒன்பது நீதிபதிகள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, கோட்டருகே அந்த நேர்காணலே காணாமல் போயிருந்தது. 2023 மே 11 வரை அந்த ஏற்பாடு நீடித்தது.

பிரையர் பயந்ததும் நடந்தது. 2025 ஜனவரியில் டிரம்ப் இரண்டாவது முறை பதவியேற்ற மறுநாளே, துரித வெளியேற்றத்தின் வளையத்தை நாடு முழுக்க விரித்தார்கள். 100 மைல் போயிற்று, 14 நாள் போயிற்று. சிகாகோவிலோ டென்வரிலோ தெருவில் பிடிபட்டாலும், முறையாக அனுமதி பெற்று வராதவர் தொடர்ந்து இரண்டு ஆண்டு இங்கேதான் இருந்தேன் என்று அந்த இடத்திலேயே நிரூபிக்க முடியாவிட்டால் நீதிமன்ற விசாரணை கிடையாது. திருட்டுத்தனமாக நுழைந்தவர்களுக்கு நாடாளுமன்றம் கொடுப்பதற்கு மேல் எந்த நடைமுறை உரிமையும் இல்லை என்று அரசு வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். கைகாட்டியது நம் விவசாயியின் வழக்கை.

வாஷிங்டனில் அதைக் கேட்டவர் மாவட்ட நீதிபதி ஜியா காப். திடுக்கிட வைக்கும் வாதம் என்றே அதை வர்ணித்து, 2025 ஆகஸ்ட் 29 அன்று விரிவாக்கத்தைத் தடுத்து நிறுத்தினார். 25 கெஜத்தில் பிடிபட்டவருக்குச் சொன்னதை, இங்கே குடியும் குடித்தனமுமாக இருப்பவர்கள் மேல் ஏற்ற முடியாது என்றார். அரசின் வாதத்தை ஏற்றால் ஆபத்து வெளிநாட்டவருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும்தான் என்றும் எழுதினார். நீ திருட்டுத்தனமாக வந்தவன் என்று அதிகாரி சொன்னதுமே நடைமுறை உரிமை போய்விடும் என்றால், நான் அப்படி வரவில்லை, இங்கேயே பிறந்தவன் என்று ஒருவர் போய்ச் சொல்ல எந்த இடம் இருக்கிறது? 1996 சட்டம் ஆட்கொணர்வு மனுவுக்கு விட்டுவைத்த மூன்று கேள்விகளில் முதல் கேள்வி, இவர் வெளிநாட்டவர்தானா என்பது. அதைக் கேட்கவாவது அந்த மனிதர் ஒரு நீதிபதியின் முன் வந்து சேர வேண்டும்.

அரசு மேல்முறையீட்டுக்குப் போனது.

அடுத்த வாரம்: கோட்டைத் தாண்டியவர்களை விட்டுவிட்டு, தாண்டாமல் முறையாகச் சாவடிக்கு வந்தவர்களைப் பார்ப்போம். அமெரிக்க அதிகாரிகள் பாலத்தின் நடுவே சரியாகக் கோட்டின் மேல் வந்து நின்றுகொண்டு, இன்று இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் திஹுவானாவின் எல் சபரால் சதுக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தங்கள் பெயரைத் தாங்களே எழுதி, ஒரு எண்ணுக்குப் பத்துப் பேர் என்று வரிசை நடத்தினார்கள்.